கராச்சி ஓரங்கி: தெருக்காரர்களே போட்ட பாதாளச் சாக்கடை

கராச்சி நகரத்தின் வடமேற்கில் ஓரங்கி என்ற பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1981-ல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகளில் அங்கே 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பாதாளச் சாக்கடையில் இணைந்தன. வீட்டுக்குள் கழிவறை, அதிலிருந்து தெருக் குழாய்க்கு இணைப்பு, தெருவுக்கு அடியில் ஓடும் குழாய், மேன்ஹோல் என எல்லாவற்றுக்கும் பணம் போட்டவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள். வேலையை நடத்தியவர்களும் அவர்களே. மானியம் இல்லை, காண்ட்ராக்டர் இல்லை.

நகர மேம்பாட்டைப் பற்றிப் பேசுகிற இடங்களில் ஓரங்கியின் பெயர் அடிக்கடி வரும். ஆனால் 'மக்கள் நினைத்தால் முடியாதது எது' என்ற உற்சாகத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மக்கள் நினைத்தது உண்மை. நினைத்ததை வேலையாக மாற்றியது எது என்பதுதான் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படும் விவரம். எந்த வேலை யாருடையது என்று தெளிவாகப் பிரித்ததும், ஒவ்வொரு அடியையும் காகிதத்தில் எழுதியும் வரைந்தும் வைத்ததும்தான் இதில் பெரிய பங்கு வகித்தன என்பது என் கருத்து. இந்த ஆய்வு அந்த இரண்டையும் தொடர்ந்து போகிறது. குடியிருப்பவர்கள், தெருப் பொறுப்பாளர்கள், தொழில்நுட்ப உதவியாளர்கள் யாருடைய பெயரும் இதில் வராது. உலகறிந்த இரண்டு பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி

ஓரங்கியில் குடியேற்றம் 1965 வாக்கில் தொடங்கியது. 1971 போருக்குப் பிறகு, வங்கதேசமாகிவிட்ட கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உருது பேசும் பிகாரிக் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. 1947-ல் இந்தியாவிலிருந்து போனவர்களின் குடும்பங்கள், பட்டாணியர், பஞ்சாபியர், சிந்திகள், பலூச்சிகள் என்று பலரும் கலந்த ஊர் அது. பெரும்பாலோர் கூலி வேலையிலும் சிறு தொழிலிலும் இருந்தவர்கள்.

நிலம் அரசுடையது. ஆனால் மனை போட்டு விற்றவர்கள் தரகர்கள். போலீசையும் அதிகாரிகளையும் சரிக்கட்டி, நேரான தெருக்கள் விட்டு, பொதுவாக 120 சதுர கஜ மனைகளாகப் பிரித்து விற்றார்கள். லாரித் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்தார்கள். அப்புறம் சிமெண்ட் கல் அறுக்கும் பட்டறைகள் வந்தன. பட்டறைக்காரர் கல்லைக் கடனுக்குக் கொடுப்பார், எப்படிக் கட்ட வேண்டும் என்று யோசனையும் சொல்வார். இப்படித்தான் வீடுகள் எழுந்தன. ஆக, அரசு வருவதற்கு முன்பே நிலம், தண்ணீர், வீடு மூன்றையும் மக்கள் ஏதோ ஒரு வழியில் தேடிக்கொண்டிருந்தார்கள். தெருக்கள் நேராகவும் மனைகள் ஒரே அளவிலும் அமைந்தது பின்னாளில் பெரிய வசதியானது. குழாய் போட நேர்த் தெரு எவ்வளவு உதவும் என்பது கொத்தனாரைக் கேட்டால் தெரியும்.

வராமலே இருந்தது சாக்கடை. பல வீடுகளில் எடுப்புக் கக்கூஸ். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் வந்து வாளியை எடுப்பார். எடுத்தது பல நேரம் அதே தெருவில்தான் கொட்டப்படும். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் உறிஞ்சுகுழி வெட்டினார்கள். சில ஆண்டுகளில் குழி நிரம்பிவிடும், வேறு குழி வெட்ட மனையில் இடம் இருக்காது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் தெரு நடுவே ஓடித் தேங்கும். பிள்ளைகள் விளையாடியது அந்தத் தெருவில். பெண்கள் பகலெல்லாம் புழங்கியதும் அங்கேதான். டைஃபாய்டு, மலேரியா, வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு எல்லாம் வீட்டுக்கு வீடு இருந்தன. தேங்கிய தண்ணீர் சுவரில் ஏறி, கடன் வாங்கிக் கட்டிய வீட்டையே அரித்தது.

முதல் மாதங்களில் கேட்டதும் தெரிந்ததும்

1980 ஏப்ரலில் ஒரு வங்கியின் அறக்கட்டளைப் பணத்தில் ஓரங்கி முன்னோடித் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் அக்தர் ஹமீத் கான். ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி. வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்தவர், 1945-ல் பதவியை விட்டவர். பின்னர் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் கிராமக் கூட்டுறவு முயற்சியை நடத்தியவர். ஓரங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது 65.

நிவாரணப் பொருள் கொடுக்கும் வேலையாக இதை நடத்த அவர் விரும்பவில்லை. முதல் பல மாதங்கள் தெருத் தெருவாக நடந்து பேசினார். என்ன பிரச்சினை என்று கேட்டால் சாக்கடையைத்தான் முதலில் சொன்னார்கள். வேலை, மருத்துவம், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்கடுத்து வந்தன. சரி, வீட்டையே கட்டிக்கொண்டவர்கள் சாக்கடையை ஏன் கட்டிக்கொள்ளவில்லை? இந்தக் கேள்வியைத் துருவியதில் நான்கு தடைகள் தெரிந்தன.

ஒன்று மனத்தடை. வாசலுக்கு உள்ளே இருப்பது நம்முடையது, வாசலுக்கு வெளியே இருப்பது அரசுடையது, அதை அரசு இலவசமாகச் செய்து தரும் என்று காத்திருந்தார்கள். இரண்டாவது பணம். அரசுக் காண்ட்ராக்ட் விலையில் பாதாளச் சாக்கடை போடுவது அவர்களுடைய வருமானத்துக்குக் கனவிலும் எட்டாது. மூன்றாவது தொழில்நுட்பம். வீடு கட்டத் தெரிந்த கொத்தனாருக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்த்துக் குழாய் இறக்கத் தெரியாது. நான்காவது, சேர்ந்து செய்ய ஓர் அமைப்பு இல்லாதது. வீட்டைத் தனியாகக் கட்டிவிடலாம். சாக்கடையைத் தனியாகக் கட்ட முடியாது.

இந்த நான்கில் முதல் தடையைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள், மக்களின் மனநிலை மாறியது என்று பேச வசதியாக இருப்பதால். எனக்கு இரண்டாவது தடையே முக்கியமாகப் படுகிறது. விலை இறங்காமல் இருந்திருந்தால் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் ஒரு தெருவும் அசைந்திருக்காது. எட்டாத விலையைச் சொல்லிவிட்டு 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுவது அநியாயம்.

தெரு என்ற அளவு

யாரோடு வேலை செய்வது? ஊர்ச் சங்கங்கள் இருந்தன, கவுன்சிலர்கள் இருந்தார்கள், தரகர்களும் இருந்தார்கள். அவர்கள் வழியாகப் போனால் சீக்கிரம் பரவலாம் என்று தோன்றும். திட்டக்காரர்கள் அப்படிப் போகவில்லை. 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஒற்றைத் தெருவை அலகாக எடுத்தார்கள்.

இந்த முடிவுக்கு நல்ல காரணம் இருந்தது. ஒரு தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாரிடம் பணத்தைக் கொடுத்தால் பத்திரமாக இருக்கும், யார் உண்மையிலேயே கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறார், யார் இருந்தும் இல்லை என்கிறார் என்பதை வெளியாள் விசாரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய சங்கமாக ஆக்கினால் கட்சி வந்துவிடும், இனம் வந்துவிடும், தலைவர் வந்துவிடுவார். தெரு சின்னது, எனவே அதில் தலைவராகி அடையப் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கள் வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்று பழகிப்போன உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

வேலை நடந்த முறை

திட்டத்தின் சமூகப் பணியாளரும் தொழில்நுட்ப உதவியாளரும் தெருவில் கூட்டம் போடுவார்கள். படம் காட்டி, இப்படிச் செய்யலாம், இவ்வளவு ஆகும், நாங்கள் பணம் தர மாட்டோம், யோசனையும் கருவியும் மேற்பார்வையும் தருவோம் என்று விளக்குவார்கள். அதோடு கிளம்பிவிடுவார்கள். தெரு தனக்குள் பேசி முடிவெடுத்து, ஒருவரையோ இருவரையோ தெருப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, உதவி வேண்டும் என்று எழுதிக் கேட்ட பிறகே அடுத்த அடி.

பிறகு திட்டத்தின் ஆட்கள் வந்து மட்டம் பார்த்துத் தெருவை அளப்பார்கள். அளந்ததை வரைபடமாக்கி, மதிப்பீடு போட்டு, இரண்டையும் பொறுப்பாளர் கையில் கொடுப்பார்கள். அந்த மதிப்பீட்டுத் தாளைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். குழாய் எத்தனை அடி, மேன்ஹோல் எத்தனை, சிமெண்ட், மணல், ஜல்லி எவ்வளவு, கூலி எவ்வளவு, எல்லாம் கூட்டினால் என்ன, வீட்டுக்கு என்ன. தெருவில் படிக்கத் தெரிந்த யாரும் உரக்கப் படித்துக் காட்டலாம். கடைக்குப் போய் விலையைச் சரிபார்க்கலாம். தன் பங்கு எப்படி வந்தது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். பணத்தைப் பற்றிய சந்தேகம்தான் பொதுவாகக் கூட்டு வேலைகளைக் கெடுக்கும். இங்கே அந்தச் சந்தேகத்துக்குப் பதில் வேலை தொடங்கும் முன்பே எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது.

வசூல் பொறுப்பாளருடையது. பணம் அவரிடமே இருக்கும். திட்டம் அந்தப் பணத்தைக் கையால் தொடவில்லை, கடைசிவரை இந்தக் கட்டுப்பாட்டை விடவும் இல்லை. பொருள் வாங்குவது, ஆள் வைப்பது, சிலர் தாங்களே தோண்டுவது எல்லாம் தெருவின் முடிவு. 'அவர் கொடுக்கவில்லை', 'இவர் வாசலில் மேன்ஹோல் வேண்டாம் என்கிறார்' என்பது போன்ற தகராறுகளிலும் திட்டக்காரர்கள் தலையிடவில்லை. தெருதான் தீர்க்க வேண்டும். தீர்க்க முடியாவிட்டால் வேலை நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது இரக்கமற்றதாகத் தெரியலாம். ஆனால் ஒருமுறை வெளியாள் பஞ்சாயத்து செய்தால் அடுத்த அடைப்புக்கும் அவரைத்தான் தேடுவார்கள்.

விலையை இறக்கியது

வீட்டுக்குள் கழிவறை, இணைப்பு, தெருக் குழாயில் பங்கு எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாகிஸ்தான் ரூபாயில் முடிந்தது. அரசு வழியில் செய்திருந்தால் இதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

காண்ட்ராக்டர் லாபமும் இடையில் போகும் கமிஷனும் இல்லாதது ஒரு காரணம். மீதியைச் செய்தது வடிவமைப்பு. குறுகலான தெருவில் லாரி ஓடாது, எனவே நெடுஞ்சாலைக்கு வேண்டிய ஆழத்தில் குழாய் புதைக்கத் தேவையில்லை. ஆழம் குறைந்தால் தோண்டும் கூலி குறையும், மேன்ஹோலின் உயரமும் குறையும். மேன்ஹோலைச் செங்கல்லால் கட்டாமல் இரும்பு அச்சு வைத்துக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். அச்சைத் திட்டம் இரவல் கொடுத்தது. ஒரு தெரு முடிந்ததும் அதே அச்சு அடுத்த தெருவுக்குப் போகும்.

எனக்குப் பிடித்தது வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவில் வைத்த சின்னத் தொட்டி. கழிவறையிலிருந்து வருவது முதலில் அதில் விழும். கெட்டியானது அடியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மேலே வழிந்து தெருக் குழாய்க்குப் போகும். அதனால் குழாயில் அடைப்பு குறைந்தது, வாட்டம் கொஞ்சம் குறைவாக அமைந்த இடத்திலும் ஓட்டம் நிற்கவில்லை. தொட்டியை அவ்வப்போது சுத்தம் செய்வது அந்த வீட்டுக்காரர் வேலை. பொதுக் குழாயின் பராமரிப்பில் ஒரு பகுதியை இப்படி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஆரம்பக் கோளாறுகள்

முதல் தெருக்கள் மழைநீர் ஓடும் இயற்கை ஓடைகளை ஒட்டியவை. நாலா என்று அங்கே சொல்லும் அந்த ஓடைகளில் குழாயைக் கொண்டுபோய் விடுவது எளிது என்பதால் அங்கிருந்து தொடங்கியது சரியான முடிவு. ஒரு தெருவில் தண்ணீர் போவதைப் பார்த்த பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள் தாங்களே தேடி வந்தார்கள்.

ஆனால் ஆரம்பத்தில் போட்ட வேலையில் கோளாறுகள் நிறைய இருந்தன. கலவை விகிதம் சரியில்லை. கான்கிரீட் வார்த்த பிறகு நாள்கணக்கில் நனைத்து வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் அவசரத்தில் விட்டுவிட்டார்கள். மேன்ஹோல்கள் பலமில்லாமல் போயின.

இந்த இடத்தில் திட்டக்காரர்கள் எடுத்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். கோளாறை மறைக்கவில்லை, 'மக்கள் செய்தால் இப்படித்தான்' என்று வேலையைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளவும் இல்லை. போட்ட வேலையைத் திரும்பிப் போய்ப் பார்த்து, எது எங்கே ஏன் கெட்டது என்று குறித்தார்கள். அந்தக் குறிப்பிலிருந்து அச்சின் வடிவம் திருத்தப்பட்டது, கலவைக்கும் நனைப்புக்கும் எளிய வழிகாட்டித் தாள்கள் வந்தன, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி வந்தது, மேற்பார்வை கூடியது. திட்டம் தொடக்கத்திலிருந்தே மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை வெளியிட்டு வந்தது. வெற்றியோடு கோளாறும் கணக்கும் பதிவானதால்தான் இன்றைக்கு நாம் இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

ஐ.நா. வழியாக வந்த நிபுணர்களோடு இதே காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. முதலில் முழுக் கணக்கெடுப்பு, பெருந்திட்டம், இலக்கு, அதற்குப் பிறகு வேலை என்பது அவர்கள் முறை. கேட்கிற தெருவுக்கு உதவி செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்டு முறையைத் திருத்துவது ஓரங்கியின் முறை. அந்தக் கூட்டு நீடிக்கவில்லை.

தெருவைத் தாண்டியபோது

தெருவின் தண்ணீர் தெரு முனையோடு நின்றுவிடாது. அதை வாங்கிக்கொண்டு போக நடுத்தரக் கால்வாய் வேண்டும், அது போய்ச் சேர ஓடையோ பெருங்குழாயோ வேண்டும், கடைசியில் சுத்திகரிப்பு வேண்டும். இங்கேதான் திட்டம் தன் கோட்டைப் போட்டது. கழிவறை, தெருக் குழாய், நடுத்தரக் கால்வாய் இவை மக்களின் பங்கு. பெருங்குழாய், சுத்திகரிப்பு நிலையம் இவை அரசின் பங்கு. நடுத்தரக் கால்வாயைப் பல தெருக்கள் சேர்ந்து குழு அமைத்துப் போட்டன.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் நேர்மையான ஒரு கணக்கு இருக்கிறது. முப்பது வீடு சேர்ந்து முப்பது வீட்டுக்கான குழாயைப் போடலாம். ஆயிரக்கணக்கான தெருக்களின் கழிவைக் கடலுக்குப் போகும் முன் சுத்தம் செய்யும் நிலையத்தை எந்தத் தெருவும் கட்ட முடியாது, கட்டச் சொல்வதும் நியாயமில்லை. அரசின் கடமையை மக்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று இந்தத் திட்டத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. சாக்கடையையும் சேர்த்துப் பார்த்தால் நகரத்தின் மற்றப் பகுதிகளுக்கு அரசு செய்ததை ஓரங்கிக்குச் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் கோடு போட்டதால் அரசிடம் கேட்க வேண்டியது என்ன என்பதும் முதல்முறையாகத் துல்லியமானது.

நடுவில் நெருக்கடிகளும் வந்தன. 1986 டிசம்பரில் ஓரங்கியின் கஸ்பா, அலிகர் காலனிப் பகுதிகளில் நடந்த இனக்கலவரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள், ஊரடங்கு போடப்பட்டது. 1988-ல் சாக்கடை வேலையும் பயிற்சியும் ஒரு நிறுவனம், கடனுதவி ஒன்று, மருத்துவம் ஒன்று என்று திட்டம் தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்தது. 1991-ல் தொடக்கப் பணம் கொடுத்த வங்கியே மூடப்பட்டது. மக்கள் பணத்தில் மக்கள் கட்டும் வேலை என்பதால் தெருவில் குழாய் போடுவது அந்த வங்கியை நம்பி இருக்கவில்லை.

வரைபடம் செய்த வேலை

தெருவுக்குத் தெரு வரைந்த படங்கள் சேர்ந்து சேர்ந்து ஓரங்கி முழுவதற்குமான படமாக ஆயின. பிறகு உள்ளூர் இளைஞர்களுக்கு நில அளவையில் பயிற்சி கொடுத்து, கராச்சியின் மற்றக் குடிசைக் குடியிருப்புகளையும் வரைந்தார்கள். அந்தப் படங்களில் தெரிந்தது யாரும் எதிர்பார்க்காதது. ஓரங்கிக்கு வெளியேயும் மக்கள் ஏராளமான குழாய்களைத் தாங்களே போட்டிருந்தார்கள். அவையெல்லாம் போய்ச் சேர்ந்தது ஓடைகளில். ஆனால் அரசின் திட்டங்கள் அங்கே எதுவுமே இல்லை என்ற எண்ணத்தில், தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதாக எழுதப்பட்டிருந்தன. அதற்குத் தேவைப்பட்ட கடனும் அதற்கேற்பப் பெரிதாக இருந்தது.

இந்த முரண்பாடு 1999-ல் நேரடி மோதலானது. கராச்சியின் கோரங்கிப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு ஒரு பெரிய கழிவுநீர்த் திட்டம் வந்தது. ஓரங்கியில் வேலை செய்தவர்களும் மற்ற சமூக அமைப்புகளும் தங்கள் படங்களை எடுத்து வைத்தார்கள். குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன, தண்ணீர் ஓடைகளுக்குப் போகிறது, ஓடை ஓரமாகப் பெருங்குழாய் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோனால் போதும், செலவு மிகச் சிறிய பங்காகிவிடும் என்று காட்டினார்கள். 7 கோடி டாலர் கடன் கைவிடப்பட்டது.

ஒரு சமூக முயற்சியை ஆவணப்படுத்துவது என்றால் திறப்பு விழாப் படமும் பயனாளியின் பேட்டியும் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது. ஓரங்கியின் ஆவணத்தில் குழாயின் விட்டமும், மட்டமும், தெருவின் செலவும் இருந்தன. அதனால்தான் அதை அதிகாரியின் மேசையில் வைத்து வாதாட முடிந்தது. வேறு ஊர்க்காரர் அதை எடுத்துக்கொண்டு தன் தெருவில் வேலை தொடங்கவும் முடிந்தது. பைசலாபாத், லோத்ரான் போன்ற ஊர்களில் இந்த முறை எடுத்தாளப்பட்டது. 2006-ல் பாகிஸ்தானின் தேசியச் சுகாதாரக் கொள்கை, மக்கள் பங்கு, அரசுப் பங்கு என்று வேலையைப் பிரிக்கும் இந்த வழியை ஏற்றுக்கொண்டது.

கிடைத்ததும் கிடைக்காததும்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓரங்கியின் பெரும்பாலான தெருக்களில் குழாய் வந்துவிட்டது, ஏறத்தாழ 6 ஆயிரம் தெருக்கள். திட்டத்தின் சொந்தக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 1982-ல் 130, 1991-ல் 37. இந்த இறக்கம் முழுவதையும் சாக்கடைக்கு வரவு வைக்க முடியாது. அதே ஆண்டுகளில் தெரு அளவிலான பெண்கள் கூட்டங்கள் வழியாகத் தடுப்பூசியும் சுகாதாரக் கல்வியும் போய்க்கொண்டிருந்தன. இருந்தாலும் தெருவில் கழிவு ஓடிய ஊரில் கழிவு மறைந்தால் குழந்தைகள் பிழைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிடைக்காதது சுத்திகரிப்பு. குழாய்கள் ஓடையில் விட்டன, ஓடைகள் கடலுக்குக் கொண்டுபோயின. தெரு சுத்தமானது, ஓடை சாக்கடையானது. மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள், அரசின் பங்கு பல இடங்களில் பாதியில் நின்றது.

2013 மார்ச் 13 அன்று, இளம் கட்டடக் கலைஞராக 1980களில் இங்கே சேர்ந்து, பின்னர் பயிற்சி நிறுவனத்தை நடத்திவந்த பர்வீன் ரஹ்மான் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரத்தின் ஓரத்துக் கிராமங்களை வரைந்து, நிலம் யாருடையது என்று பதிவுசெய்துகொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரைத் திருடி லாரியில் விற்பது எங்கெங்கே நடக்கிறது என்பதையும் ஆவணப்படுத்தியிருந்தார். காகிதமும் பென்சிலும் யாரையும் பாதிக்காத கருவிகள் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமூகப் பதிவு வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

2020 ஆகஸ்டில் கராச்சியில் கடும் மழை, வெள்ளம். ஓடைகளை அகலப்படுத்த வேண்டும் என்று முடிவாகி, 2021-ல் குஜ்ஜர் நாலா, ஓரங்கி நாலா கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்களில் பட்டா வைத்திருந்தவர்களும் உண்டு.

இன்னொரு இடத்தில் செய்வதானால்

ஓரங்கி மேடும் சரிவுமான நிலம். வாட்டம் இயற்கையாகவே கிடைத்தது, போய் விட ஓடைகளும் இருந்தன. சமதளமான, நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் இதே ஆழத்தில் குழாய் போட்டால் தண்ணீர் நகராது. அங்கே சில தெருக்களுக்கு ஒரு பொதுத் தொட்டி, சிறிய சுத்திகரிப்பு என்று வேறு வழி பார்க்க வேண்டும். தெருவை அலகாக வைப்பதையும் மதிப்பீட்டுத் தாளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குழாயின் அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

குடியிருப்பவர்கள் இங்கே தங்கள் மனையைத் தங்களுடையதாக நினைத்தார்கள், யாரும் துரத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் பெரும்பாலும் இருந்தது. அதனால் மண்ணுக்கடியில் பணத்தைப் புதைக்கத் துணிந்தார்கள். வாடகைக்காரர்கள் மிகுந்த தெருவில் இந்தக் கணக்கு நிற்காது. வாடகைக்கு இருப்பவர் ஏன் பணம் போட வேண்டும், வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விகளுக்கு முதல் கூட்டத்திலேயே பதில் வேண்டும். வீட்டுக்காரரை அழைத்துவர முடியாத தெருவில் வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

தெருப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். பகலில் தெருவில் இருப்பவர்களும், அடைப்பை முதலில் பார்ப்பவர்களும், சின்னத் தொட்டி நிரம்பியதைக் கவனிப்பவர்களும் பெண்கள். பொறுப்பாளர் இருவர் என்றால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம்.

மிகப் பெரிய மாற்றமாக நான் செய்வது ஓடையைப் பற்றியது. முதல் தெருவை அளக்கும் நாளிலேயே அது போய்ச் சேரும் ஓடையின் இரு கரைகளையும் அளந்து, அகலத்தைக் குறித்து, கரையில் இருக்கும் வீடுகளைப் படத்தில் போட்டு, மாநகராட்சியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தன் பங்கை எந்த ஆண்டுக்குள் அரசு முடிக்கும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். தெருவின் படம் தெருக்காரர்களுக்குப் பயன்பட்டது. ஓடைக்கரையில் இருந்தவர்களின் வீடு இடிக்கப்பட்டபோது, அவர்கள் கையில் நகரத்தின் ஒப்புதலோடு கூடிய அப்படியொரு படம் இல்லை. கரையோர வீடுகளை எப்படிக் கணக்கில் எடுப்பது, நகர்த்த வேண்டி வந்தால் எங்கே நகர்த்துவது என்பதை வெள்ளம் வந்த பிறகு நீதிமன்றத்தில் பேசுவதைவிட, குழாய் போடும்போதே தெருக் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துவிடலாம்.